இரவுப் பலகாரமும் நெஞ்சு கரிப்பும்

கேள்வி இது: காரைக்குடியில் இருக்கும் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 61 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதமாக ராத்திரி படுத்தால் நெஞ்சு கரிக்கிறது, புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது. ஈனோ, சோடா, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பான்-டி எல்லாம் பார்த்தாயிற்று. போட்டால் நிற்கிறது, விட்டால் திரும்பிவிடுகிறது. ஆத்தா (அம்மா) குழம்பில் மிளகாயைப் பாதியாகக் குறைத்தும் பலனில்லை. என்ன செய்வது?

வயிற்றுக்குப் போவதற்கு முன் இதயத்தைப் பார்த்துவிடுவோம். 61 வயது, சர்க்கரை, பிரஷர் என்று மூன்றும் சேர்ந்த ஒருவர் நெஞ்சில் எரிகிறது என்றால் அதை ‘கேஸ்’ என்று தள்ளிவிடக் கூடாது. அவரிடம் கேட்க வேண்டியது: படுத்தால், குனிந்தால் எரிகிறதா, இல்லை மாடிப்படி ஏறினால், வேகமாக நடந்தால் எரிகிறதா? படுக்கும்போது வந்து, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது என்றால் பெரும்பாலும் இரைப்பை அமிலம் மேலே ஏறும் எதுக்களிப்புதான். நடந்தால் வருகிறது, நின்றால் அடங்குகிறது என்றால் வயிற்று மருந்தை ஓரமாக வைத்துவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, இடது கை, தாடை, முதுகுப் பக்கம் வலி பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே 108. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் வாந்தி உணர்வும் அசதியுமாகவும் வரும். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அங்கே அவற்றைக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, ஒரு இ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டால் மட்டும் இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

இதயக் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே சொல்வதெல்லாம்.

நாம் ‘அஜீரணம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு தொல்லைகளைப் போட்டுக் கட்டுகிறோம். மேல் வயிற்றில் மந்தம், பொருமல், நாலு வாயிலேயே வயிறு நிறைந்த உணர்வு, இவை இரைப்பை சம்பந்தப்பட்டவை. நெஞ்சு நடுவில் எரிச்சல், புளித்த ஏப்பம், தொண்டைக்கு வரும் புளித்த தண்ணீர், இவை இரைப்பையில் இருக்க வேண்டியது மேலே ஏறுவதால் வருபவை. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஆனால் வைத்தியம் ஒன்றல்ல. உங்கள் அப்பச்சிக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாவது.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில், ஆச்சிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். இரைப்பை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சாறு சுரக்கிறது. அதில் உள்ள அமிலத்தைத் தாங்கும் சளிப் படலம் இரைப்பைச் சுவருக்கு உண்டு, உணவுக்குழாய்க்குக் கிடையாது. வயிறு புடைக்கச் சாப்பிட்டால் அந்த வளையம் அடிக்கடி தளர்கிறது. எண்ணெய் அதிகமானால் இரைப்பை காலியாக நேரம் பிடிக்கிறது. தொப்பை இருந்தால் கீழிருந்து அழுத்தம். இவை மூன்றும் இருக்கும்போது ஆளைத் தட்டையாகப் படுக்க வைத்தால் அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்? பலருக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதில்லை, போகக் கூடாத இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் மிளகாய் மேல் வீண்பழி விழுகிறது. மிளகாய்க் காரம் ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் படும்போது எரியும், உண்மை. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளவே செய்யாது, அவர்கள் குறைக்கட்டும். ஆனால் காரம் குடற்புண்ணை உண்டாக்குவதில்லை. செட்டிநாட்டுச் சமையலில் நெஞ்சைக் கரிக்க வைப்பது பெரும்பாலும் காரத்தோடு கூட வரும் எண்ணெய்தான். காரக்குழம்பு இறக்கும்போது மேலே ஒரு விரற்கடை மிதக்கிறதே நல்லெண்ணெய், அதை அப்படியே வைத்துக்கொண்டு மிளகாயை மட்டும் பாதியாக்கினால் ருசி போனதுதான் மிச்சம். புளியும் தக்காளியும் வெங்காயமும் எரிச்சல் உள்ளவர்களுக்குத் தொல்லை தருபவையே. மண்டி, புளிக்குழம்பு வகைகளை மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், நெய் எவ்வளவு, எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிடுபவர்கள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு மாதம் ஒரு லிட்டரைத் தாண்டினால் நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் போகிறது. அது அதிகம். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டதும் ஒரு நிமிடம் பேச்சு வராது.

அடுத்து நேரம். ராத்திரி ஒன்பதரைக்குப் பலகாரம், பத்தேகாலுக்குப் படுக்கை என்றால் எந்த மாத்திரையும் முழுசாக வேலை செய்யாது. கடைசி வாய்க்கும் படுப்பதற்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். பத்தரைக்குப் படுப்பவர் ஏழரைக்குள் சாப்பிட்டு எழ வேண்டும். வீட்டில் இதற்கு முதலில் எதிர்ப்பு வரும், ‘எல்லாரும் சாப்பிடும்போது சாப்பிடலாமே’ என்று. அப்பச்சிக்கு மட்டும் முதல் பந்தி போட்டுவிடுங்கள்.

என்ன பலகாரம் என்பதும் கணக்குதான். குழிப் பணியாரத்துக்கு ஒரு குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் என்று விட்டாலும், எட்டுப் பணியாரத்துக்கு நான்கு தேக்கரண்டி ஆயிற்று, அதாவது 20 மி.லி. அதுவும் திருப்பிப் போடும்போது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் விடாத கை உண்டா? வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரித்து எடுப்பது, கந்தரப்பம், சீயம் எல்லாம் அதே கதை. இவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. மாலை நாலரை, ஐந்து மணி இடைப்பலகாரத்துக்கு மாற்றுங்கள், இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள், அன்று ராத்திரிச் சாப்பாட்டை அதற்கேற்பக் குறையுங்கள். ராத்திரிக்கு இட்லியோ இடியாப்பமோ மூன்று, பாசிப்பருப்புச் சாம்பார், எண்ணெய் கம்மியாக ஒரு காய். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால் ஊற்றினால் கொழுப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும், கவனம். இட்லி மிளகாய்ப்பொடிக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தாராளம்.

ராத்திரிச் சாப்பாட்டோடு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுபவர் என்றால், சாப்பாட்டு நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்துவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மருந்து எந்த நேரம், எந்த அளவு என்று மாற்ற வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கும் ஆபத்து உண்டு.

கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோர்க்குப் படைப்பு என்று இலை போட்டால் இந்தச் சட்டம் செல்லுபடியாகாது என்பது தெரிந்ததே. அன்றைக்கு ஒரே ஒரு யோசனை: இலையில் வந்ததெல்லாம் பாதி, இரண்டாம் முறை எதுவும் வேண்டாம், கடைசியில் ஐஸ்கிரீமும் பீடாவும் வேண்டாம். முகப்பில் போட்டிருக்கும் சாய்வு நாற்காலியிலும் உடனே சாய வேண்டாம். அதில் உடம்பு நடுவில் மடங்கி வயிறு அழுந்துகிறது, கரிப்பதற்கு அதுவே போதும். வளவுக்குள் (வீட்டின் உள் முற்றத்தைச் சுற்றி) பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே வித்தியாசம் தெரியும். வேட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டும் பெல்ட்டையும் ஒரு துளை தளர்த்துங்கள். பெண்களுக்கு உள்பாவாடை நாடா.

படுக்கையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் அரைகுறை. தலையணையை இரண்டு, மூன்று என்று அடுக்குவது பயனில்லை. கழுத்து மட்டும் மடங்கும், வயிறு மடிந்து இன்னும் அழுந்தும். உயர வேண்டியது கட்டிலின் தலைமாடு முழுவதும், 15 முதல் 20 செ.மீ. மூன்று அங்குலச் செங்கல் இரண்டைத் தட்டையாக அடுக்கினால் 6 அங்குலம், 15 செ.மீ. கணக்குச் சரியாக வரும். ஆனால் வழவழப்பான தரையில் செங்கல் நகரும், புரண்டு படுத்தால் கட்டில் இறங்கிவிடும். ஆசாரியிடம் சொல்லி இரண்டு மரக்கட்டை செய்து, கட்டில் கால் உட்காரும் அளவுக்கு மேலே ஒரு குழி போட்டு, அடியில் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பிலிருந்து தலை வரை சரிவாக ஏறும் ஆப்பு வடிவ மெத்தை கடையில் கிடைக்கிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. அப்போது இரைப்பை உணவுக்குழாய் வாய்க்குக் கீழே தங்கும். வலது பக்கம் படுத்தால் நேர்மாறு.

இனி மாத்திரை. குழப்பம் அதிகம் இங்கேதான்.

பான்டோபிரசோல், ஓமிபிரசோல், ரேபிபிரசோல் வகை மாத்திரைகள் வயிற்றில் இருக்கும் அமிலத்தை முறிப்பதில்லை. அமிலம் சுரக்கும் செல்களில் உள்ள பம்புகளை அடைக்கின்றன, அதுவும் அந்த நேரத்தில் வேலை செய்யும் பம்புகளை மட்டும். சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் ஓடத் தொடங்கும். அதனால் மருந்து அதற்கு முன்பே ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும், ஓரிரு மணி நேரத்தில் அது கரைந்தும் போய்விடும். ஆகவே காலைப் பலகாரத்துக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபியோடு போட்டுவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிடுவது, நெஞ்சு கரிக்கும்போது ராத்திரி எடுத்து விழுங்குவது, இரண்டுமே மாத்திரையை வீணடிப்பதுதான். பிரச்சினை ராத்திரியில் மட்டும் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். கடித்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது, மேலே உள்ள பூச்சு அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பதற்காகவே இருக்கிறது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். வழக்கமான அளவு பான்டோபிரசோல் 40 மி.கி. அல்லது ஓமிபிரசோல் 20 மி.கி., தினம் ஒரு வேளை, 4 முதல் 8 வாரம்.

‘விட்டால் திரும்புகிறது’ என்பதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. இரண்டு மாதம் தொடர்ந்து போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், அடைபட்டிருந்த சுரப்பு எகிறிச் சில வாரங்களுக்கு முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி மாத்திரையைத் தொடங்கி, வருடக் கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். நிறுத்தும்போது இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, இடையில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும் திரவ ஆன்டாசிட் குடித்துச் சமாளித்து, பிறகு நிறுத்துங்கள். வருடக் கணக்கில் போட்டால் வைட்டமின் பி-12, மெக்னீசியம் குறையலாம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் பி-12ஐக் குறைப்பதால் சர்க்கரைக்காரர்கள் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது. வேறு காரணத்துக்காக மருத்துவரே தொடரச் சொல்லியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பான்-டியில் உள்ள அந்த ‘டி’ டோம்பெரிடோன், ஒரு கேப்சூலில் 30 மி.கி. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் டோம்பெரிடோனுக்கு வைத்த வரம்பு ஒரு நாளைக்கு மொத்தமே 30 மி.கி., அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று. காரணம், அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும், 60 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். வாந்தி உணர்வு உள்ளவருக்குச் சில நாள் கொடுக்கும் மருந்து அது. நெஞ்செரிச்சலுக்கு மாதக் கணக்கில் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதற்கில்லை. அப்பச்சி அதைத்தான் போடுகிறார் என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி மாற்றுங்கள்.

ஈனோ, சோடா உப்பு, கோலி சோடா மூன்றும் ஒரே குடும்பம். ஈனோ அமிலத்தை முறிக்கும், கூடவே வாயுவைக் கிளப்பும். வரும் பெரிய ஏப்பத்தைப் பார்த்து ‘இறங்கிவிட்டது’ என்கிறோம். அந்த ஏப்பத்தோடேயே அமிலமும் மேலே ஏறலாம். 5 கிராம் பொட்டலம் ஒன்றில், ஏறத்தாழ 2 கிராம் உப்பில் இருக்கும் அளவு சோடியம் உண்டு. பிரஷர்காரர் தினம் ராத்திரி குடிக்க வேண்டிய பொருளா அது? கோலி சோடாவில் வெறும் வாயுதான், வயிற்றை உப்ப வைக்கும்.

அவசரத்துக்கு நல்லது அலுமினியம், மெக்னீசியம் கலந்த திரவ ஆன்டாசிட். குலுக்கி, 10 மி.லி., சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் படுக்கும் முன்பும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணியில் இரைப்பையிலிருந்து இறங்கிவிடும், சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும், அதனால்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டுமே ஆகாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம். ராத்திரியில் அமிலம் தொண்டைக்கு ஏறுபவர்களுக்கு ஆல்ஜினேட் சேர்ந்த மருந்து இன்னும் பொருத்தம், இரைப்பையில் மேலே ஒரு நுரை மூடி மாதிரி மிதந்து தடுக்கும். அமிலம் குறைக்க ஃபமோடிடின் 20 மி.கி. இருக்கிறது, ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிவிடும். பழைய ரானிடிடின் இப்போது வேண்டாம். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் ஆபத்து உள்ள மாசு இருப்பது தெரிந்து அமெரிக்கா 2020-ல் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் நீக்கினார்கள்.

கை வைத்தியத்தில் ஓமத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் பொருமலுக்குச் சுகம் தரும், கெடுதல் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு அவை பெரிதாக உதவா. குளிர்ந்த பால் பத்து நிமிடம் இதமாக இருக்கும், பிறகு பாலின் புரதமும் கால்சியமுமே அமிலத்தைத் தூண்டும். புதினா நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது அந்தச் சுருக்குப்பை வாயைத் தளர்த்தும். மந்தத்துக்குச் சரி, எதுக்களிப்புக்குத் தப்பு. வெற்றிலையில் பாக்கும் புகையிலையும் வேண்டாம் என்பதற்கு வயிறு மட்டும் காரணமில்லை, வாய்ப் புற்றும்தான்.

அப்பச்சியின் மற்ற மாத்திரைகளையும் ஒரு பார்வை பாருங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் வகை சிலருக்கு அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும். மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டும், சாப்பாட்டின் நடுவிலோ முடித்த கையோடோ போட்டால் குறையும். சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு இரைப்பையின் நரம்பே மந்தமாகி, மதியம் சாப்பிட்டது ராத்திரி வரை நிற்பதும் உண்டு. எதையும் நீங்களாக நிறுத்தாமல் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் கால் வலிக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்றை விழுங்கிவிட்டு நடக்கத் தொடங்குவது சாதாரணமாக நடக்கிறது. ‘சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது’ என்பதும் பாதி உண்மைதான். இந்த மருந்து பட்ட இடத்தில் மட்டும் அரிப்பதில்லை, இரைப்பையின் சளிக் காப்பை ரத்தத்தின் வழியாகவே குறைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் புண் வரும். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் போதும். வலி மாத்திரை அவசியம் என்றால் மருத்துவர் கூடவே வயிற்றுக் காப்பும் எழுதுவார். கடையில் பொட்டலமாக மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டும் இருக்கலாம், அதையும் வலி மாத்திரையையும் சேர்த்தால் ரத்தக் கசிவு ஆபத்து பல மடங்கு. இதயத்துக்காக எழுதிய ஆஸ்பிரின் வேறு கணக்கு, அதைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்து.

மேல் வயிற்று வலியும் மந்தமும் மாறாமல் இருந்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கும் சோதிப்பார்கள். குடற்புண்ணுக்கு அதுவும் காரணம் என்று காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. மலத்தில் அல்லது மூச்சில் சோதனை செய்வது எளிது. ஆனால் பான்டோபிரசோல் வகையை 2 வாரம், ஆன்டிபயாடிக்கை 4 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரும். இருந்தால் 14 நாள் மருந்து, ஒரு வேளைகூட விடாமல்.

எப்போது காத்திருக்கக் கூடாது? விழுங்கும்போது சோறு மாட்டினால், எடை தானாகக் குறைந்தால், ரத்த வாந்தி அல்லது காபித்தூள் மாதிரி வாந்தி வந்தால், மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால், ரத்தசோகை என்று சோதனையில் வந்தால், வாந்தி நிற்காமல் இருந்தால். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் மாதிரி ஒட்டாது. சோறு மாட்டுவதற்குத் ‘தொக்கம்’ எடுப்பவரிடம் போய் மாதக் கணக்கில் நாளைக் கடத்தாதீர்கள், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே முதல் அடையாளம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து வலது தோள்பட்டைக்கு ஏறும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், அதற்கு ஸ்கேன்.

உங்கள் அப்பச்சிக்கு இந்த அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், வயது 60-ஐக் கடந்து, புதிதாகத் தொடங்கி ஆறு மாதமும் ஆகிவிட்டதால் ஒரு எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) பார்த்துவிடுவது சரி. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கென்றே குடல் இரைப்பைத் துறை இருக்கிறது. முந்தின ராத்திரி எளிய சாப்பாடு, பிறகு 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் மருந்து தெளித்து, ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பட்டினி இருப்பதால் அன்று காலைச் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக அதைப் போடாமல் கையில் எடுத்துப்போய், பிறகு சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். தொண்டை மரப்பு போகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும்.